சாவுக்கும் தீர்ப்புக்கும் நடுவில்

பாகப்பிரிவினை வழக்கில் யாருக்கு எத்தனை பங்கு என்பது இன்று பெரிய சண்டை இல்லை. அப்பா சுயமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் இறந்துபோனால், மனைவி, மகன்கள், மகள்கள், இறந்தவரின் தாயார் உயிரோடு இருந்தால் அவர் என எல்லோருக்கும் சமபங்கு என்று 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்லிவிட்டது. பூர்வீகச் சொத்திலும் பெண்ணுக்குப் பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989-லேயே திருத்தம் கொண்டுவந்தது. அதற்கு முன்பே கல்யாணமாகிப் போன பெண்களை அது விட்டுவிட்டது. 2005-ல் வந்த மத்தியத் திருத்தம் அவர்களையும் சேர்த்துக்கொண்டது. 2005-ல் அப்பா உயிரோடு இருந்தாரா என்று கேட்டுப் பல வருஷம் இழுத்த இழுப்பையும் 2020-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது.

இவ்வளவு தெளிவான சட்டம் இருந்தும் கும்பகோணம் கோர்ட்டில் இந்த வழக்குகள் வருஷக்கணக்கில் ஓடுகின்றன. ஓடுகிற காலத்தில் சொத்து கரைகிறது. இறுதித் தீர்ப்பாணை கைக்கு வரும்போது வீடு இருக்கும், வீட்டுக்குள் ஒன்றும் இருக்காது. தோப்பு இருக்கும், மரம் இருக்காது. வக்கீல் தொழிலில் எனக்கு அதிக வேலை வைத்தது பங்கு கேட்கும் வழக்கே அல்ல. வழக்கு முடியும்வரை சொத்தைக் கட்டிக் காப்பதும், கோர்ட் உத்தரவை மீறிக் கைவைத்த சொந்தக்காரர்களைத் திரும்பக் கோர்ட்டில் நிறுத்துவதும்தான்.

கைவைக்கும் வழிகளில் புதுமை எதுவும் இல்லை. முதலில் ஏ.டி.எம். கார்டு. அப்பா இறந்ததை வங்கிக்குச் சொல்லாமல், பின் நம்பர் தெரிந்த பிள்ளை தினமும் எடுக்கக்கூடிய உச்சத் தொகையை எடுத்துக்கொண்டே இருப்பார். அடுத்தது பவர் பத்திரம். அப்பா உயிரோடு இருந்தபோது கொடுத்த பொது அதிகாரப் பத்திரம் அவர் கண்மூடியதுமே செத்துவிடுகிறது. ஒப்பந்தச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அந்தப் பத்திரத்தை வைத்து, காரியம் முடிந்த பிறகு கிரயம் முடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாவது, மகள் பெயரை விட்டுவிட்டு வாங்கிய வாரிசுச் சான்று. தாசில்தார் கொடுக்கும் அந்தச் சான்று யாருடைய உரிமையையும் தீர்மானிப்பதில்லை, ஆனாலும் பட்டா மாற்றவும் பணம் எடுக்கவும் அதுதான் முதல் சாவி. நாமினியாகப் போட்டிருக்கிறார்கள், அதனால் பணம் முழுக்க எனக்கே என்று அடித்துப் பேசுபவர்கள் வேறு. நாமினி பணத்தைப் பெற்று வாரிசுகளுக்குச் சேர்ப்பிக்க வேண்டியவர் மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 1984-லேயே ஆயுள் காப்பீட்டு வழக்கில் சொல்லிவிட்டது. கிராமத்து வங்கிக் கிளைகளில் அது இன்னும் போய்ச் சேரவில்லை.

இதற்கெல்லாம் மருந்து இடைக்காலத் தடை. அதைக் கேட்டு வாங்குவது கடினமல்ல. எப்படி எழுதிக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

திருவிடைமருதூர் பக்கத்தில் ஒரு குடும்பம். அப்பா, மூன்று பிள்ளைகள், அதில் ஒரு பெண், நெய்வேலியில் வாழ்க்கைப்பட்டவர். தம்பிகள் இருவரும் தோப்பையும் வீட்டையும் பிறருக்கு விற்கவோ வில்லங்கப்படுத்தவோ கூடாது என்று முன்பு அவருக்கு வழக்கு நடத்தியவர் தடை வாங்கியிருந்தார். அச்சடித்தாற்போல எல்லோரும் போடும் வாசகம். தம்பிகள் விற்கவில்லை. காய்க்கும் தென்னைகளை அடியோடு வெட்டி லாரியில் ஏற்றினார்கள். கூடத்து ஊஞ்சல் போனது, பரம்பரையாக இருந்த வெண்கலப் பானைகள் போயின. நான் வழக்கை ஏற்று அவமதிப்பு மனு போட்டபோது எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து கேட்ட ஒரே கேள்வி: “வெட்டக் கூடாதுன்னு உத்தரவுல எங்க இருக்கு?” அந்த இடத்தில் அவர் சொன்னது சரி. அவமதிப்பு என்பது தண்டனை வரைக்கும் போகும் விஷயம். உத்தரவின் வாசகத்துக்குள் நாமே ஒரு அர்த்தத்தைப் புகுத்தி, அதை மீறினார் என்று ஒருவரைச் சிறைக்கு அனுப்பச் சொல்ல முடியாது. சந்தேகம் இருந்தால் அதன் பலன் எதிராளிக்குத்தான்.

பிறகு புது மனு போட்டு, வக்கீல் கமிஷனர் ஒருவரை நியமிக்க வைத்து வீட்டுக்கு அனுப்பினோம். நானும் போயிருந்தேன். அந்தக் கமிஷனர் இளம் பெண், முதல் கமிஷனாக இருக்கலாம், ஆனால் வேலையில் அசாத்திய நிதானம். கூடத்து உத்தரத்தைப் பார்த்து “இரும்புக் கொக்கி நான்கு உள்ளன, ஊஞ்சல் பலகை, சங்கிலி இல்லை” என்று எழுதினார். அடுக்களை மேடைக்கு மேலே பலகையில் வட்ட வட்டமாகப் படிந்திருந்த கரியை அளந்து, ஒவ்வொரு வட்டத்தின் விட்டத்தையும் அங்குலக் கணக்கில் குறித்தார். தோப்பில் வெட்டிய அடிக்கட்டைகளை எண்ணி, ஈரம் காயாததைத் தனியாகவும் காய்ந்ததைத் தனியாகவும் போட்டார். தடை வந்தபின் எது நடந்தது, முன் எது நடந்தது என்பதற்கு அந்த அறிக்கைக்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. இல்லாத பொருளைப் பட்டியலில் ஏற்றத் தெரிந்த கமிஷனர் கிடைப்பது அந்த வழக்கின் பாக்கியம்.

அதிலிருந்து என் மனுக்களில் வேண்டுகோள் நீளமாகத்தான் இருக்கும். விற்க, அடமானம் வைக்க, செட்டில்மெண்ட் எழுத, குத்தகைக்கு விட, மரம் வெட்ட, மண் அள்ள, அசையும் பொருளை அப்புறப்படுத்த, லாக்கரைத் திறக்க, பணம் எடுக்க என்று ஒவ்வொன்றாக எழுதிவிடுவேன். செட்டில்மெண்டைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத்தீர்வை குறைவு, அதனால் தகப்பன் சொத்தைத் தன் மகன் பெயருக்கு எழுதிவைத்துவிட்டு, “நான் விற்கவில்லையே” என்று நிற்பவர்கள் அதிகம்.

அடுத்து உத்தரவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. எதிராளி இல்லாமலே வாங்கும் தடைக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது: உத்தரவு வந்த மறுநாளுக்குள் மனு, அபிடவிட், ஆவணங்களின் நகலை எதிராளிக்கு அனுப்பி, அனுப்பியதாக அபிடவிட் தாக்கல் செய்ய வேண்டும். இளைய வக்கீல்கள் இதைச் சடங்காக நினைக்கிறார்கள். பின்னாளில் “எனக்கு உத்தரவே தெரியாது” என்று எதிராளி சொல்லும்போது நம் கையில் இருக்கப்போவது அந்தத் தபால் ரசீது ஒன்றுதான். கோர்ட் அமீனா வீட்டுக்குப் போவார், கதவு பூட்டியிருக்கும், கதவில் ஒட்டிவிட்டு வருவார், ஒட்டியதை மறுநாள் யாரோ கிழித்திருப்பார்கள். அதனால் நான் எதிராளிக்கு அனுப்பும் தபாலோடு நிறுத்துவதில்லை. வங்கி மேலாளருக்கு ஒரு நகல், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஒன்று, தோப்பைக் குத்தகை பார்ப்பவருக்கு ஒன்று, சொத்தை வாங்க யாராவது பேரம் பேசுவதாகத் தெரிந்தால் அவருக்கும் ஒன்று. வழக்கில் கட்சிக்காரராக இல்லாவிட்டாலும், தடை இருப்பது தெரிந்து அதை மீறத் துணைபோகிறவர் பதில் சொல்லியே தீர வேண்டும். இந்தத் தபால் கிடைத்த பிறகு பேரம் பேசியவர் பெரும்பாலும் விலகிவிடுகிறார். அவமதிப்பு மனுவே தேவையில்லாமல் போகும் வழக்குகள் இப்படித்தான் உண்டாகின்றன.

மீறியது தெரிந்ததும் எந்தக் கதவைத் தட்டுவது என்பதில் கட்சிக்காரர்களுக்கு ஒரு பிடிவாதம் இருக்கும். “மதுரைக்குப் போயிடலாம் சார், ஐகோர்ட்டுனாதான் பயப்படுவாங்க” என்பார்கள். 2004-ல் மதுரைக் கிளை வந்ததிலிருந்து தஞ்சாவூர் மாவட்ட வழக்குகள் அங்கேதான் போகின்றன. கீழ்க் கோர்ட்டின் உத்தரவை அவமதித்தாலும் தண்டிக்கும் அதிகாரம் 1971-ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டப்படி உயர் நீதிமன்றத்துக்குத்தான் உண்டு: ஆறு மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் தடை கொடுத்த கோர்ட்டுக்கே தடையை மீறியவரைத் தண்டிக்கத் தனி அதிகாரம் இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39-ஆம் கட்டளை, 2-ஏ விதி. மீறியவரின் சொத்தை ஜப்தி செய்யலாம், மூன்று மாதம் வரை சிவில் சிறையில் வைக்கலாம், ஜப்தி ஒரு வருஷம் நீடித்தும் மீறல் தொடர்ந்தால் சொத்தை விற்று, பாதிக்கப்பட்டவருக்கு நஷ்ட ஈடும் கொடுக்கலாம். இந்த வழி இருக்கும்போது ஏன் இங்கே வந்தாய் என்று உயர் நீதிமன்றம் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும்.

நான் 2-ஏ விதியைத்தான் விரும்புகிறேன். அபராதம் அரசாங்கத்துக்குப் போகிறது. ஜப்தி நேரே சொத்தைப் பிடிக்கிறது. உயர் நீதிமன்றத்தில் வேறொரு முள்ளும் உண்டு: அவமதிப்பு நடந்து ஒரு வருஷத்துக்குள் வர வேண்டும். நம் வீட்டுப் பெண்களுக்கோ நடந்தது தெரிவதே வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கும்போதுதான். தடை பின்னால் ரத்தானாலும் மீறியது மீறியதுதான் என்று 1998-ல் சமீ கான் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது எங்களுக்குப் பெரிய பலம்.

மீறியதை நிரூபிப்பது எப்படி என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். அப்பா இறந்த பிறகு நஞ்சையை விற்கக் கூடாது என்று தங்கை ஜூலையில் தடை வாங்கினார். அக்டோபரில் அண்ணன் தன் மச்சானுக்கே கிரயம் செய்து பதிவு செய்துவிட்டார். கேட்டதற்கு, “மே மாசமே அக்ரிமெண்ட் போட்டு அட்வான்ஸ் வாங்கிட்டேன், வாக்குக் கொடுத்ததை நிறைவேத்தினேன்” என்றார். பதிவு செய்யாத ஒப்பந்தம், 20 ரூபாய் முத்திரைத்தாளில், மே மாதத் தேதியோடு கோர்ட்டுக்கு வந்தது. நான் முன்பக்கத்தைப் படிப்பதற்கு முன் பின்பக்கத்தைத் திருப்பினேன். முத்திரைத்தாளின் முதுகில் விற்பனையாளர் வரிசை எண், தேதி, வாங்கியவர் பெயர் எழுதி முத்திரை வைத்திருப்பார். தேதி மே மாதம்தான். வரிசை எண் மட்டும் உறுத்தியது. விற்பனையாளரின் பதிவேட்டை வரவழைக்க மனு போட்டோம். நீளமான, முனை மடங்கிய அந்தப் பதிவேடு வந்தது. இந்தத் தாளின் எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள தாள்கள் எல்லாம் செப்டம்பரில் விற்றவை. நடுவில் இந்த ஒரு வரிக்கு மட்டும் மே மாதத் தேதி. விற்பனையாளரைக் கூண்டில் ஏற்றி, “இந்த வரியைச் சத்தமாகப் படியுங்கள், அடுத்த வரியையும் படியுங்கள்” என்றேன். இரண்டாவது வரியைப் படிக்காமலே நிறுத்திவிட்டார். அதற்கு மேல் நான் கேள்வி கேட்கவில்லை.

நீதிபதி அண்ணன் பெயரில் டவுனில் இருந்த கடையை ஜப்தி செய்து, மூன்று வாரம் சிவில் சிறை என்றார். மேல்முறையீட்டுக்காகச் சிறையை மட்டும் நிறுத்திவைத்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் தொடங்கியது உண்மையான நெருக்கடி. சித்தப்பா வந்தார், அத்தை போனில் அழுதார், மாமியார் வீட்டிலிருந்து இரண்டு பெரியவர்கள் வந்து என் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எல்லோரும் கேட்டது ஒன்றே: “கூடப்பிறந்தவனை ஜெயிலுக்கு அனுப்பணுமா?” யாரும் அண்ணனிடம் போய் நிலத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்கவில்லை. நான் பார்த்த எல்லா அவமதிப்பு மனுக்களிலும் இது நடந்திருக்கிறது. உத்தரவை மீறியவர் மேல் விழ வேண்டிய பழி, மீறியதைச் சொன்ன பெண்மேல் விழும். பிறந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது என்பார்கள், பிள்ளை கல்யாணத்துக்குத் தாய்மாமன் வர மாட்டான் என்பார்கள். தங்கை அசையவில்லை. “சார், அவரு ஜெயிலுக்குப் போறதுல எனக்கு என்ன சந்தோஷம்? நிலம் திரும்பணும், அம்மா நகை வரணும். வந்தா நானே மனுவை வாபஸ் வாங்கறேன்” என்றார்.

அவர் கேட்டதுதான் சட்டத்தின் போக்கும். மன்னிப்புக் கேட்டால் விட்டுவிட அவமதிப்புச் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்த மன்னிப்பு கோர்ட்டுக்குத் திருப்தி தருவதாக இருக்க வேண்டும். நிபந்தனையற்ற மன்னிப்பு என்று இரண்டு பாரா டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு, விற்ற பணத்தையும் பையில் வைத்துக்கொண்டு போவதை மன்னிப்பு என்று ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. 2023-ல் பல்வந்த்பாய் சோமாபாய் பண்டாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. கட்சிக்காரர் சார்பில் வக்கீல் கோர்ட்டில் கொடுத்த வாக்குறுதியை மீறிச் சொத்தை விற்றிருந்தார்கள். வாக்குறுதியை வேண்டுமென்றே மீறுவதும் அவமதிப்புதான், மீறிச் செய்த கிரயங்களைச் செல்லாது என்று அறிவித்து நிலைமையைப் பழையபடி திருப்பவும் அவமதிப்புக் கோர்ட்டால் முடியும் என்று அந்தத் தீர்ப்பு நிலைநிறுத்தியது. அதன்பிறகு “என் கட்சிக்காரர் விற்க மாட்டார்” என்று எதிர் வக்கீல் சொன்னால், அதைத் தினசரிக் குறிப்பில் பதிவு செய்யச் சொல்லி நான் நின்றுகொண்டே இருப்பேன்.

கடைசியில் மச்சானும் அண்ணனும் சேர்ந்து வந்து கிரயத்தை ரத்துசெய்யும் பத்திரத்தைப் பதிந்து, நகலைத் தாக்கல் செய்தார்கள். நகையில் பாதிதான் வந்தது. மீதி அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் காரியச் செலவுக்கும் போனது என்றார் அண்ணன். அந்தச் செலவு நியாயமானதுதான். இந்திய வாரிசுரிமைச் சட்டமே ஈமச் செலவையும் கடைசிக் காலச் செலவையும் மற்றக் கடன்களுக்கு முன்னால் வைக்கிறது. கோர்ட்டில் அனுமதி கேட்டிருந்தால் எந்த நீதிபதியும் மறுத்திருக்க மாட்டார். ரசீதுகளைக் கேட்டோம், இருந்த ரசீதுக்குக் கழித்துக்கொண்டோம், மீதியைக் கோர்ட்டில் கட்டினார். தங்கை சொன்னபடி மனுவை வாபஸ் வாங்கினார்.

இதெல்லாம் காணாமல் போனபின் தேடுவது. காணாமல் போகாமல் இருக்க அதே இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு 1925-லிருந்து இருக்கிறது. உயிலுக்குக் கோர்ட்டின் அத்தாட்சியான புரொபேட் வாங்கிய நிறைவேற்றுநர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஒரு வருஷத்துக்குள் கணக்கும் கோர்ட்டில் கொடுக்க வேண்டும். தெரிந்தே பொய்ப் பட்டியல் கொடுத்தால் அது பொய்ச்சாட்சி. வேண்டுமென்றே கொடுக்காவிட்டால் புரொபேட்டையே ரத்து செய்யலாம். ஆனால் எங்கள் பக்கத்து இந்துக் குடும்பங்களில் புரொபேட் வாங்குபவர் யார்? பெரும்பாலோருக்கு உயிலே கிடையாது. சாவிக்கொத்து யார் கையில் இருக்கிறதோ அவருக்குப் பட்டியல் கொடுக்கும் கடமை எதுவும் இல்லை. ஊரில் இல்லாத தங்கைதான், தன் ஞாபகத்திலிருந்து வளையல் எத்தனை, ஒட்டியாணம் எத்தனை பவுன் என்று எழுதி, இருந்ததை நிரூபிக்கவும் வேண்டும். இது தலைகீழ்.

அதனால் இப்போது ஒவ்வொரு பாகப்பிரிவினை வழக்கிலும் தடை மனுவோடு இன்னொரு மனு சேர்த்துப் போடுகிறேன்: இறந்தவரின் வீடு, வங்கிக் கணக்கு, லாக்கர் யார் வசம் இருக்கிறதோ அவர், இறந்த தேதியில் இருந்த எல்லாவற்றுக்கும் அபிடவிட்டாகப் பட்டியல் தாக்கல் செய்ய வேண்டும் என்று. சில நீதிபதிகள் உத்தரவிடுகிறார்கள், சிலர் விசாரணையில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். உத்தரவிட்ட ஒரு வழக்கில் இளைய மகன் தாக்கல் செய்த முதல் பட்டியலில் லாக்கர் இல்லை. வங்கியின் லாக்கர் பதிவேட்டு நகலை வாங்கிக் காட்டினோம். அப்பா இறந்த நாலாம் நாள் காலையில் அவர் உள்ளே போன நேரமும் வெளியே வந்த நேரமும் கையெழுத்தும் அதில் இருந்தன. நீதிபதி அவரைக் கூப்பிட்டு, பொய் அபிடவிட்டுக்கு என்ன தண்டனை என்பதைத் தமிழில் விளக்கி, சரியான பட்டியல் கொடுக்க இரண்டு வாரம் வாய்தா தந்தார். இரண்டாவது பட்டியலில் லாக்கர் வந்தது, நகை வந்தது, எங்களுக்கே தெரியாத ஒரு வைப்புத்தொகையும் தபால் அலுவலகச் சேமிப்புப் பத்திரங்களும் வந்தன. அதை வைத்துக்கொண்டு சமரச மையத்தில் உட்கார்ந்து பாகம் பிரித்தோம். அந்த வழக்கு சாட்சி விசாரணைக்குப் போகவே இல்லை.